யாருக்கு முதலிடம்? சமூக ஊடகத் தரவரிசை தயாரிக்கும் முறை: மொரிஷியசிலிருந்து ஒரு வழிகாட்டி

தைப்பூசம் நெருங்கிவிட்டால் மொரிஷியசில் ஃபேஸ்புக் முழுவதும் காவடிதான். கோயில் இளைஞர் மன்றங்கள், வாழையிலையில் ஏழு கறி பரிமாறிக் காட்டும் சமையல் பக்கங்கள், குறளுக்கு ஒரு நிமிடத்தில் பொருள் சொல்லும் ஆசிரியர்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் களத்தில் இறங்குவார்கள். பரபரப்பு அடங்கியதும் யாராவது ஒருவர், ‘தீவில் மிகப் பிரபலமான தமிழ்ப் பக்கங்கள்’ என்று ஒரு பட்டியலை வெளியிடுவார். பாதிப் பேர் பகிர்வார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

அப்படி ஒரு பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், அல்லது பிறர் தயாரித்ததை நம்பலாமா என்று பார்க்க விரும்பினால், கீழே உள்ளவை உதவும். பெரிய கணிதம் ஏதும் தேவையில்லை. பள்ளியில் படித்த விழுக்காடும் கொஞ்சம் மடக்கையும் (லாகரிதம்) நினைவிருந்தால் போதும். பாடுபடுத்துவது கணக்குக்கு முந்தைய இரண்டு முடிவுகள்: யாரைச் சேர்ப்பது, எதை எண்ணுவது. முதலிடம் யாருக்கு என்பது பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பிறகு கணினி செய்வதெல்லாம் கூட்டல், வகுத்தல்தான்.

முதல் படி: யாரை எண்ணப் போகிறோம்?

‘மொரிஷியஸ் தமிழர்களில் பிரபலமானவர்கள்’ என்று தலைப்பை எழுதிவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் முதல் நாளே முட்டிக்கொள்வது இங்கேதான். யார் தமிழர்? பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று சென்னையில் இருப்பவர் கேட்கலாம். இந்தத் தீவில் தெரியாது. அந்தக் காலத்து எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் பதிந்துவைத்த பெயர்கள் இவை. ஒரே பெயர் நான்கு குடும்பங்களில் நான்கு எழுத்துக்கூட்டலோடு இருக்கும். தமிழ்க் குடும்பப் பெயரோடு கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். தமிழர் பெயரா தெலுங்கர் பெயரா என்று பிரிக்க முடியாதவையும் உண்டு. மொழியை வைத்தும் பிரிக்க முடியாது. பெரும்பாலான வீடுகளில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் பெரும்பாலும் கோயிலிலும் தமிழ் வகுப்பிலும். தேவாரத்தை அழகாகப் பாடும் பையன் அதைப் பதிவேற்றும்போது மேலே எழுதும் இரண்டு வரி கிரியோலாக இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1972 கணக்கெடுப்புக்குப் பிறகு இந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘நீங்கள் எந்தச் சமூகம்?’ என்ற கேள்வியே கிடையாது. மதம், மொழி பற்றிக் கேட்பார்கள்; சமூகத்தைக் கேட்பதில்லை. அரசே விலகி நிற்கும் வேலையை நாம் ஒரு விரிதாளை வைத்துக்கொண்டு செய்யப் புறப்படுவது வீண் வம்பு.

ஆகவே ஆளைத் தரம் பிரிக்காமல் பதிவுகளைத் தரம் பிரியுங்கள். விதி இப்படி இருக்கலாம்: கடைசி 90 நாட்களில் அந்தக் கணக்கு வெளியிட்ட பொதுப் பதிவுகளில் குறைந்தது பாதி, தமிழ் மொழி, தமிழ்க் கோயில், தமிழ்ச் சமையல், தமிழ் இசை போன்றவற்றைச் சார்ந்திருக்க வேண்டும், கணக்கு மொரிஷியசிலிருந்து நடத்தப்பட வேண்டும், பின்தொடர்வோர் 500 பேராவது இருக்க வேண்டும். ‘பாதி’ ஏன், ‘500’ ஏன் என்று கேட்டால் அசைக்க முடியாத பதில் யாரிடமும் கிடையாது. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும். எண்ணிக்கைகளைப் பார்ப்பதற்கு முன்பே கோட்டைப் போட்டுவிடுங்கள். பார்த்த பிறகு போட்டால், வேண்டியவர் உள்ளே வருமாறு கோடு தானாகவே வளையும்.

எங்கிருந்து நடத்தப்படுகிறது என்பதை எப்படி அறிவது? ஃபேஸ்புக் பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியில், நிர்வகிப்பவர்கள் இருக்கும் நாடு பெரும்பாலும் காட்டப்படும். இன்ஸ்டாகிராமில் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதி பல கணக்குகளுக்கு இருக்கிறது. தொடர்பு எண் +230 என்று தொடங்கினால் அதுவும் ஓர் அடையாளம். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டாவது பொருந்துகிறதா என்று பாருங்கள். பாரிசில் வேலை பார்த்துக்கொண்டே ரோஸ்ஹில் கோயில் பக்கத்தை நடத்துபவர் இருக்கக்கூடும். அவரைச் சேர்ப்பதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். காவடி என்பதை ரோமன் எழுத்தில் எழுதும்போது, ‘சி’யில் தொடங்கி இரட்டை ‘இ’யில் முடிப்பது இங்குள்ள வழக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ‘கே’யில் தொடங்கி ‘ஒய்’யில் முடிப்பார்கள். தமிழ்நாட்டில் கடைசி எழுத்து ‘ஐ’. ஒரே ஒரு வடிவத்தைத் தேடினால் உள்ளூரில் பாதி விட்டுப்போகும். எல்லா வடிவத்தையும் தேடினால் தென்னாப்பிரிக்காவும் பக்கத்துத் தீவான ரீயூனியனும் வந்து குவியும். எல்லாவற்றையும் தேடிவிட்டு, நாட்டை வைத்துச் சலித்தெடுப்பதே நல்லது.

தேடல் பெட்டியோடு நின்றுவிடாதீர்கள். கிடைத்த ஒவ்வொரு பக்கமும் யார் யாரைப் பகிர்கிறது, யாரைக் குறியிடுகிறது என்று பாருங்கள். அவர்களிடமிருந்து அடுத்தவர்களுக்குச் செல்லுங்கள். தொடர்ந்து பல பக்கங்களைப் பார்த்தும் புதுப் பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வலை நிரம்பிவிட்டது என்று கொள்ளலாம். சிறிய தீவு என்பதால் இது நடக்கிற காரியம். மொத்த மக்கள்தொகையே 12 லட்சத்துக்குச் சற்று அதிகம்தான்.

கடைசியாக, தனிநபரையும் கோயிலையும் கடையையும் வானொலி நிலையத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பதிவிடும் நிறுவனத்தோடு காத்ர் போர்ன் நகரில் சமையலறையிலிருந்து படம் பிடிக்கும் ஓர் அம்மாவை ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

இரண்டாம் படி: பிரபலம் என்று எதைச் சொல்கிறோம்?

மிக எளிதாகக் கிடைப்பது பின்தொடர்வோர் எண்ணிக்கை. 2009 ஏப்ரலில் நடிகர் ஆஷ்டன் குட்சரும் சிஎன்என் செய்தி நிறுவனமும் டுவிட்டரில் யார் முதலில் 10 லட்சம் பேரைச் சேர்ப்பது என்று பந்தயம் கட்டி ஓடினார்கள், நடிகர் வென்றார். பிரபலம் என்றால் பின்தொடர்வோர் எண்ணிக்கை என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் பரவலாக ஊறியது. மறு ஆண்டே மீயோங் சா என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் டுவிட்டரின் பல கோடிக் கணக்குகளை அலசி, பின்தொடர்வோர், மறுபகிர்வு, பெயர்க் குறிப்பு என்று மூன்று அளவுகளில் தனித்தனியாக வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். மூன்று வரிசைகளின் உச்சியிலும் பொதுவாக இருந்தவர்கள் மிகச் சிலரே. அதிகம் பேர் பின்தொடரும் ஒருவரின் பேச்சை அதிகம் பேர் எடுத்துச் செல்வார்கள் என்று சொல்ல முடியவில்லை.

நம் ஊர் அளவில் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சமையல் பக்கம்: பின்தொடர்வோர் 48,000. கடந்த 30 நாட்களில் 20 பதிவுகள். லைக், கருத்து, பகிர்வு மூன்றும் சேர்த்துப் பதிவுக்குச் சராசரியாக 240.

காவடிப் படங்கள் பக்கம்: பின்தொடர்வோர் 9,000. பதிவுகள் 6. பதிவுக்குச் சராசரியாக 630.

குறள் பக்கம்: பின்தொடர்வோர் 2,100. நாளுக்கொன்றாக 30 பதிவுகள். பதிவுக்குச் சராசரியாக 210.

பின்தொடர்வோரை எண்ணினால் சமையல் பக்கத்துக்கு முதலிடம். பதிவுக்கு எவ்வளவு எதிர்வினை என்று பார்த்தால் காவடிப் பக்கம் முந்துகிறது. மாத மொத்தம் எடுத்தால் சமையலுக்கு 4,800, காவடிக்கு 3,780, குறளுக்கு 6,300; கடைசியில் இருந்த குறள் பக்கம் முதலில் வந்து நிற்கிறது. பின்தொடர்வோரில் எத்தனை விழுக்காட்டினர் எதிர்வினை காட்டுகிறார்கள் என்று வகுத்தால் சமையல் 0.5, காவடி 7, குறள் 10. முதல் வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. நான்கு கணக்கிலும் ஒரு பிழையும் இல்லை. மூன்று பக்கங்களும் ‘நாங்கள்தான் முதலிடம்’ என்று மனச்சாட்சியோடு சொல்லிக்கொள்ளலாம்.

விழுக்காட்டுக் கணக்கில் ஒரு சாய்வு இருக்கிறது. சிறிய பக்கங்களைப் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் உறவும் நட்பும்தான். அவர்கள் எதைப் போட்டாலும் லைக் தட்டுவார்கள். 60 பேர் பின்தொடரும் பக்கம் 40 விழுக்காடு காட்டுவதில் வியப்பில்லை. மேலே சொன்ன 500 என்ற அடித்தளக் கோடு இதற்காகவும்தான். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தமாக இருக்கும் ஒரு தீவில் இது சின்ன விஷயமில்லை.

ஃபேஸ்புக்குக்கே இந்தச் சங்கடம் நேர்ந்தது. 2020இல் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஒருவர், கிரவுட்டாங்கிள் என்ற கருவியைக் கொண்டு, அமெரிக்காவில் அதிக எதிர்வினை பெற்ற பத்து இணைப்புப் பதிவுகளை நாள்தோறும் வெளியிட்டார். வலதுசாரிக் கருத்தாளர்களின் பெயர்களே திரும்பத் திரும்ப மேலே வந்தன. கிரவுட்டாங்கிள் ஃபேஸ்புக்குக்குச் சொந்தமான கருவிதான். ஆனாலும் நிறுவனம், எதிர்வினை வேறு, எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பது வேறு என்று வாதாடியது. 2021 ஆகஸ்டில், அதிகம் பார்க்கப்பட்டவற்றின் பட்டியலைத் தானே வெளியிடத் தொடங்கியது. அந்தப் பட்டியலின் முகமே வேறாக இருந்தது. வாதத்தில் உண்மை இருக்கிறது: சண்டை மூட்டும் பதிவுக்குக் கீழே ஆயிரம் கருத்து விழும், சமையல் குறிப்பைப் பத்து மடங்கு பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். ஆனால் பார்வைக் கணக்கு நிறுவனத்தின் கையில் இருக்கிறது, வெளியாள் சரிபார்க்க முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: பதிவுக்கான எதிர்வினையை முதன்மை அளவாக எடுங்கள், சராசரிக்குப் பதில் இடைநிலை அளவைப் போடுங்கள். அதாவது பதிவுகளை எதிர்வினைப்படி அடுக்கி நடுவில் உள்ளதை எடுங்கள். ஒரே ஒரு பதிவு வைரலாகி 20,000 லைக் வாங்கினால் சராசரி எங்கோ பறந்துவிடும், இடைநிலை அசையாது. பிரபலம் என்பது ஒரு நாள் அதிர்ஷ்டமாக இல்லாமல் வழக்கமாக நடப்பதைக் குறிக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சராசரியே போட்டுக்கொள்ளட்டும், ஆனால் அதைப் பட்டியலின் தலையிலேயே எழுதிவிடட்டும்.

மூன்றாம் படி: எப்போது, எப்படித் திரட்டுவது?

முதலில் காலக்கெடு. ‘ஜனவரி மாதப் பட்டியல்’ என்று ஆண்டுதோறும் வெளியிட்டால் ஒழுங்காகத் தெரியும். உள்ளே கணக்கு இடிக்கும். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25 அன்று வந்தது. 2025இல் பிப்ரவரி 11 அன்று. முதல் ஆண்டு ஜனவரியில் கோயில் பக்கங்கள் உச்சத்தில் இருக்கும். மறு ஆண்டு ஜனவரியில் சரிந்துவிட்டதாகத் தோன்றும். எதுவும் சரியவில்லை, பூச நட்சத்திரம் தள்ளி வந்தது, அவ்வளவுதான். ஒன்று, திருவிழாவுக்கு முன்னும் பின்னும் இத்தனை வாரம் என்று திருவிழாவை வைத்தே அளவிடுங்கள். அல்லது மூன்று மாதத்தை மொத்தமாக எடுங்கள்.

தீவுக்கென்றே உள்ள இடையூறுகளும் உண்டு. 2024 ஜனவரி நடுவில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிசில் வெள்ளம் புகுந்தபோது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வெள்ளப் படம்தான். அந்த வாரத்து எண்களை வைத்து யாருடைய புகழையும் அளக்க முடியாது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, பொதுத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, சமூக ஊடகங்களை முடக்க உத்தரவு வந்தது, மறுநாளே விலக்கிக்கொள்ளப்பட்டது. விரிதாளின் ஓரத்தில் ‘நிகழ்வு’ என்று ஒரு நெடுவரிசை வைத்து இவற்றைக் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

இரண்டாவது, பதிவு ஆறிக் குளிர வேண்டும். நேற்றுப் போட்டதையும் மூன்று வாரத்துக்கு முன் போட்டதையும் ஒரே நாளில் எண்ணினால் நேற்றையதுக்கு அநியாயம். பதிவிட்டு ஏழு நாள் ஆன பிறகே எண்ணுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஏழு நாள் ஆகாததை விட்டுவிடுங்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கையை மட்டும் எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே அமர்வில் குறித்துக்கொள்ளுங்கள். இன்று பத்து, அடுத்த வாரம் பத்து என்று இழுத்தால் பிந்திக் குறிக்கப்பட்டவருக்கு ஒரு வார வளர்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது.

மூன்றாவது, கருவிகள். முன்பு வெளியாட்களுக்கு வசதி அதிகம். கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. டுவிட்டர், இன்றைய எக்ஸ், தன் தரவுகளை மென்பொருள் வழியாகப் பெருமளவில் இலவசமாக எடுக்கும் வசதியை 2023இல் நிறுத்திவிட்டது. யூடியூப் அப்படி எடுக்கும் வசதியை (ஏபிஐ) இன்னும் அளவோடு இலவசமாகத் தருகிறது. சோஷியல் பிளேடு போன்ற தளங்கள் வளர்ச்சி வரைபடம் காட்டுகின்றன. ஆனால் அவை பெரிய கணக்குகளுக்குத்தான் நன்றாக உதவும். நம் பட்டியலில் நூறு பக்கம் தாண்டுவதே அரிது. இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் படிக்க ஒருவர் தட்டச்சு செய்தால் முடிந்துவிடும். ஒவ்வொரு எண்ணையும் பார்த்த நேரத்தில் திரைப்பிடிப்பு எடுத்துச் சேமியுங்கள். கணினி நிரல் எழுதிப் பக்கங்களைச் சுரண்டி எடுக்கலாம் என்று சில இளைஞர்கள் ஆசைப்படுவார்கள். பெரும்பாலான தளங்களின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. நூறு பக்கத்துக்காகக் கணக்கை முடக்கிக்கொள்வானேன்?

கையால் எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. யூடியூப் 2019 முதல், ஆயிரத்துக்கு மேல் சந்தாதாரர் உள்ள சேனல்களுக்கு வெளியில் முதல் மூன்று இலக்கங்களை மட்டுமே காட்டுகிறது. 12,345 பேர் இருந்தாலும் 12,399 பேர் இருந்தாலும் திரையில் 12.3 ஆயிரம்தான். நம் அளவிலுள்ள சேனல்களில் ஒரு வாரத்து வளர்ச்சி முழுவதும் அந்த மறைவில் அடங்கிவிடக்கூடும். ஆகவே திரையில் ஒரே எண் காட்டும் இருவரில் ஒருவரை மேலே போட உங்களுக்கு ஆதாரமில்லை. இருவருக்கும் ஒரே இடம் கொடுங்கள். இருவருக்கு 4ஆம் இடம் என்றால் அடுத்தவருக்கு 6. இன்ஸ்டாகிராமில் 2021 முதல் லைக் எண்ணிக்கையை மறைத்துவைக்க முடிகிறது. மறைத்தவருக்குச் சுழியம் போட்டுவிடாதீர்கள். ‘தரவு இல்லை’ என்று தனியாக வையுங்கள்.

உரிமையாளரிடமே கேட்டு உள் புள்ளிவிவரம் வாங்கலாமே என்றால், நான் வேண்டாம் என்பேன். சிலர் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். தந்தவர்களும் நல்ல மாதத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும் எண்ணே எல்லோருக்கும் நியாயம்.

பார்வைகள் பற்றி ஓர் எச்சரிக்கை

டிக்டாக்கில் ஒரு லட்சம் பார்வையும் யூடியூபில் ஒரு லட்சம் பார்வையும் ஒன்றல்ல. காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்கிடும் தளமும் உண்டு, சில வினாடி ஓடினால்தான் கணக்கு என்று வைத்திருந்த தளமும் உண்டு. அதே தளம் விதியை மாற்றுவதும் உண்டு. யூடியூப் ஷார்ட்ஸ் 2025 மார்ச் 31 முதல், ஓடத் தொடங்குவதையும் மறுபடி ஓடுவதையும் பார்வையாக எண்ணுகிறது. பிப்ரவரியில் 800 பார்வை வாங்கிய குறள் காணொளி போல ஏப்ரலில் ஒன்று 1,500 வாங்கினால் குறளுக்குத் திடீர் மவுசு என்று செய்தி எழுதிவிடக் கூடாது. விரிதாளில் அந்தத் தேதியில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்தோடு ஒப்பிடாமல் இருங்கள். வெவ்வேறு தளங்களின் பார்வைகளைக் கூட்டுவதும் கூடாது. தளத்துக்கு ஒரு பட்டியல் போடுங்கள். ஒருவருக்கு நான்கு தளங்களில் கணக்கு இருந்தால் நான்கிலும் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

நான்காம் படி: போலிகளைக் களைவது

2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைத் துடைத்தெறிந்தபோது பாடகர் ஜஸ்டின் பீபர் ஏறக்குறைய 35 லட்சம் பின்தொடர்வோரை ஒரே வீச்சில் இழந்தார். 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ், டெவுமி என்ற நிறுவனம் பின்தொடர்வோரை விலைக்கு விற்றுவந்ததை விரிவாக அம்பலப்படுத்தியது. அந்த ஆண்டு ஜூலையில் டுவிட்டர், முடக்கிவைத்த கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து நீக்கத் தொடங்கியது. பணம் கொடுக்காதவர்களின் எண்ணிக்கையும் அப்போது குறைந்தது, ஏனென்றால் போலிகள் ஐயம் வராமலிருக்கப் பிரபலங்களைத் தாமாகவே பின்தொடரும். ஒருவருக்குப் போலிப் பின்தொடர்வோர் இருப்பதை வைத்து அவர் வாங்கினார் என்று சொல்லிவிட முடியாது.

நம் அளவில் கவனிக்க வேண்டியது வளர்ச்சியின் வடிவம். திடீரென ஒரு படி ஏறியிருக்கிறதா? தைப்பூச நேரலையால் ஏறியிருந்தால் அதன் பிறகு வரும் பதிவுகளுக்கும் எதிர்வினை கொஞ்சம் கூடும். வாங்கியதாக இருந்தால் பின்தொடர்வோர் மட்டும் ஏறியிருப்பார்கள், எதிர்வினை பழைய இடத்திலேயே நிற்கும், பிறகு எண்ணிக்கை சொட்டுச் சொட்டாக வடியும். கருத்துகளையும் பத்துப் பதினைந்து படித்துப் பாருங்கள். உண்மையான கருத்தில் கிரியோலும் பிரெஞ்சும் கலந்து, ‘அடுத்த ஞாயிறு அபிஷேகம் எத்தனை மணிக்கு?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். காசுக்கு வந்தது ஒரே இதயக் குறியை வரிசையாக ஒட்டிவிட்டுப் போயிருக்கும். ஐயம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல், பின்தொடர்வோர் எண்ணிக்கைக்கு உங்கள் கணக்கில் கொடுக்கும் எடையை, அதாவது முக்கியத்துவத்தை, எல்லோருக்கும் சேர்த்தே குறைத்துவிடுங்கள். சின்ன ஊர், நாளைக்கும் அதே கோயிலில்தான் முகம் பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்றாக ஓர் அளவு எனக்குப் பிடிக்கும்: ஒரு பக்கத்தின் பதிவுகளை எத்தனை வெவ்வேறு பக்கங்கள் எடுத்துப் பகிர்ந்தன என்பது. ஒரே நண்பர் இருபது முறை பகிர்ந்தாலும் ஒன்றுதான். இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தக் கூகுள் நிறுவனர்கள் 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையும் இந்த வழியில்தான் சிந்தித்தது: எத்தனை பேர் உன்னைச் சுட்டுகிறார்கள், சுட்டுபவர்களை எத்தனை பேர் சுட்டுகிறார்கள். முழுக் கணக்கும் வேண்டாம். முதல் பாதியே நமக்குப் போதும்.

ஐந்தாம் படி: ஒரே மதிப்பெண்ணாகச் சேர்ப்பது

ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை என்பேன். ஆனால் கேட்பவர்கள் ஒரே எண்ணைத்தான் கேட்பார்கள். அப்படியானால் முதலில் மடக்கை எடுங்கள். 48,000ஐயும் 2,100ஐயும் நேராக வைத்தால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். பத்தின் அடிப்படையில் மடக்கை எடுத்தால் 4.68, 3.32 என்று அருகருகே வந்துவிடும். பிறகு ஒவ்வொரு அளவிலும் கடைசியில் இருப்பவருக்கு 0, முதலில் இருப்பவருக்கு 100 என்று நீட்டி, இடையில் இருப்பவர்களை அந்த விகிதத்தில் வையுங்கள்.

மேலே சொன்ன மூன்று பக்கங்களுக்கும் இதைப் போட்டால், பின்தொடர்வோரில் சமையல் 100, காவடி 47, குறள் 0. பதிவுக்கான எதிர்வினையில் காவடி 100, சமையல் 12, குறள் 0. இரண்டுக்கும் சரிபாதி எடை கொடுத்தால் காவடி 73, சமையல் 56, காவடிக்கு முதலிடம். பின்தொடர்வோருக்கு 70, எதிர்வினைக்கு 30 என்று மாற்றினால் சமையல் 74, காவடி 63, முதலிடம் கைமாறிவிட்டது. பாவம், குறள் பக்கம் இரண்டிலும் சுழியம், விழுக்காட்டில் அதுதான் முதலிடம் என்றாலும். இந்த 0 ‘கடைசி’ என்று மட்டுமே பொருள்படும். பட்டியலில் இன்னொரு சின்னப் பக்கத்தைச் சேர்த்தால் எல்லோருடைய மதிப்பெண்ணும் நகரும்.

கிளவுட் என்ற அமெரிக்க நிறுவனம் 2008 முதல் உலகத்துக்கே இப்படி 1 முதல் 100 வரை மதிப்பெண் போட்டது. ஒரு காலத்தில் அதில் ஜஸ்டின் பீபர் அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்கு மேலே இருந்தார். 2012 ஆகஸ்டில் கணக்கிடும் முறையை மாற்றி, நூற்றுக்கும் குறைவாக இருந்த காரணிகளை 400க்கும் மேலாக்கியபோது ஒபாமா முந்திவிட்டார். இருவரும் அந்த வாரம் புதிதாக எதுவும் சாதிக்கவில்லை. எடை என்ன என்பதைக் கிளவுட் முழுமையாக வெளியிட்டதே இல்லை. 2018 மே 25 அன்று அது மூடப்பட்டது.

ஆகவே எடையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதோடு, எடைகளை ஐந்தாறு விதமாக மாற்றிக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைத்த மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள்: ‘1 முதல் 2 வரை’, ‘4 முதல் 11 வரை’. எப்படிப் போட்டாலும் முதல் மூன்றுக்குள் நிற்கும் பக்கம் உண்மையாகவே பிரபலமானது; 4க்கும் 11க்கும் இடையில் ஊசலாடுவதை ‘7ஆம் இடம்’ என்று அச்சிடுவது வேடிக்கை.

வெளியிடும்போது

பட்டியலின் தலையிலேயே நான்கு வரி இருக்கட்டும்: யாரைச் சேர்த்தோம், எதை எண்ணினோம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எடை என்ன. அடிக்குறிப்பில் போட்டால் திரைப்பிடிப்பு எடுத்துப் பகிர்பவர்கள் அதை வெட்டிவிடுவார்கள். தசமப் புள்ளிகளை எடுத்துவிடுங்கள், 73.25 என்று எழுதினால் அந்த அளவுக்குத் துல்லியம் இருப்பதாகப் படிப்பவர் நம்பிவிடுவார்.

தனிநபர் என்றால் இன்னும் கவனம் தேவை. மொரிஷியசில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; பழைய சட்டத்துக்குப் பதிலாக 2017இல் புதியது இயற்றப்பட்டது. பொதுவில் திறந்துவைத்த கணக்குகளை மட்டும் எடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் கணக்குகளை, எவ்வளவு பிரபலமாக இருந்தாலும், சேர்க்காதீர்கள். பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி யாராவது கேட்டால் காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுங்கள்; அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஒரு படி மேலே வருவார்கள், ‘திருத்தப்பட்டது’ என்று தேதியோடு ஒரு வரி சேர்த்தால் போதும்.

வெளியான அன்று மாலையே அழைப்புகள் வரத் தொடங்கும். எண்ணில் தவறு என்று சொல்பவருக்கு அவர் பக்கத்தின் திரைப்பிடிப்பை அனுப்புங்கள். தவறு இருந்தால் திருத்துங்கள். விதியில் தவறு என்று சொல்பவரின் பேச்சைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த பட்டியலுக்கு முன் பரிசீலியுங்கள், வெளியான பட்டியலில் விதியை மாற்றாதீர்கள். ‘எங்கள் கோயிலைக் கொஞ்சம் மேலே போடக் கூடாதா?’ என்று கேட்பவருக்கு விரிதாளின் நகலையே அனுப்பிவிடுங்கள். எந்த எடையில் அவர் கோயில் மேலே வருகிறது என்று அவரே கண்டுபிடித்து, அந்த எடையோடு தம் பெயரில் வெளியிட்டுக்கொள்ளட்டும்.